சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம்

பாட்டு கேட்கப் போகிறவனுக்குச் சூதாட்டக்கூடத்தில் என்ன வேலை? லாஸ் வேகாஸ் விஷயத்தில் இந்தக் கேள்வியைத் திருப்பிப் போட்டுக் கேட்கவேண்டும். சூதாட்டக்கூடத்துக்குப் பாட்டு எதற்கு? இதற்கு விடை தெரியாமல் அங்கே ஒரு ராக் கச்சேரிக்குத் திட்டம் போடுகிறவர் டிக்கெட் விலையை மட்டும் குறித்துக்கொண்டு கிளம்புவார். திரும்பி வரும்போது அவருடைய கணக்குக்கும் பர்ஸுக்கும் சம்பந்தமே இருக்காது.

முதலில் கொஞ்சம் பழைய கதை. எல்விஸ் பிரெஸ்லி 1956-ல் வேகாஸின் நியூ ஃபிரான்டியர் ஹோட்டலில் பாடியபோது, அங்கே சாப்பிட்டுக்கொண்டிருந்த நடுவயதுக் கூட்டம் அவரைப் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. அதே எல்விஸ் 1969 ஜூலை 31-ம் தேதி இன்டர்நேஷனல் ஹோட்டலில் மேடையேறினார். 1976 வரை அதே மேடையில் 600-க்கும் மேற்பட்ட காட்சிகள். ராக் இசைக்கும் சூதாட்டத்துக்கும் கல்யாணம் நடந்தது அப்போதுதான் என்று சொல்லலாம்.

2003-ல் சீசர்ஸ் பேலஸ் ஹோட்டல், செலின் டியோனுக்காகவே 4,000 பேருக்கு மேல் உட்காரும் கொலோசியம் அரங்கைக் கட்டித் திறந்தது. பாடகர் ஊர் ஊராகப் போகாமல் ஓரிடத்தில் தங்கிவிட, ரசிகர்கள் அவரைத் தேடி வரும் 'ரெசிடென்சி' முறை மறுபடி சூடு பிடித்தது. ராக் குழுக்களும் வந்தன. ஏரோஸ்மித் 2019-ல் பார்க் எம்.ஜி.எம். ஹோட்டல் அரங்கில் தொடங்கியது. யூ2 குழு 2023 செப்டம்பர் 29 அன்று ஸ்ஃபியர் அரங்கைத் திறந்துவைத்து, அடுத்த மார்ச்சுக்குள் 40 காட்சிகள் நடத்தியது. ஸ்ஃபியர் சுமார் 230 கோடி டாலரில் கட்டிய ராட்சத உருண்டை. அது சூதாட்டக்கூடம் அல்ல. ஆனால் பக்கத்தில் இருக்கும் வெனிஷியன் சூதாட்ட விடுதியிலிருந்து அதற்கு நடைபாலம் போட்டிருக்கிறார்கள். பாலம் சும்மா போடுவார்களா என்ன?

சரி, விஷயத்துக்கு வருவோம்.

மளிகைக்கடைக்காரர் சர்க்கரையை அடக்க விலைக்கே கொடுப்பார். சர்க்கரை வாங்க வந்தவர் பருப்பு, எண்ணெய், சோப்பு எல்லாம் வாங்காமல் போகமாட்டார் என்று அவருக்குத் தெரியும். வணிகவியல் முதலாம் ஆண்டுப் பாடம் இது. வேகாஸில் பல காலம் கச்சேரிதான் சர்க்கரை. பாட்டிலும் சாப்பாட்டிலும் அறையிலும் போவதை ஆட்ட மேசையில் எடுத்துக்கொள்வார்கள்.

1990-களின் இறுதியில் இந்தக் கணக்கு மாறியது. வேகாஸின் முக்கிய வீதியான ஸ்டிரிப்பில் உள்ள பெரிய விடுதிகளின் மொத்த வருமானத்தில் சூதாட்டத்தின் பங்கு பாதிக்கும் கீழே போய்விட்டது. அறை, சாப்பாடு, குடி, கேளிக்கை எல்லாம் சேர்ந்து சூதாட்டத்தை முந்திவிட்டன. சூதாட்டம் நலிந்துவிட்டது என்று இதற்கு அர்த்தம் இல்லை. இப்போது சர்க்கரையிலும் லாபம், பருப்பிலும் லாபம் :-)

அதனால்தான் 'ரிசார்ட் கட்டணம்' என்று ஒன்று முளைத்தது. அறை வாடகைக்கு மேல், ஓர் இரவுக்கு 40, 50 டாலர் என்று தனியாக. நீச்சல்குளத்தில் கால் நனைக்காதவரும் கட்டியாகவேண்டும். ஸ்டிரிப்பில் வெகுகாலம் இலவசமாக இருந்த பார்க்கிங்குக்கு 2016-ல் எம்.ஜி.எம். நிறுவனம் காசு வாங்க ஆரம்பிக்க, மற்றவர்களும் பின்னாலேயே வந்தார்கள். இந்த மறைமுகக் கட்டணங்கள் அளவு மீறிப் போய், கடைசியில் அமெரிக்க அரசின் வர்த்தக ஆணையமே தலையிட்டது. 2025 மே 12 முதல், கச்சேரி டிக்கெட்டானாலும் ஹோட்டல் அறையானாலும் கட்டாயக் கட்டணங்களைச் சேர்த்த மொத்த விலையை முதலிலேயே காட்டவேண்டும் என்பது விதி. நல்ல விதிதான். ஆனால் அது கட்டாயக் கட்டணத்துக்கு மட்டும். மனிதன் தானாகப் போய் விட்டுவிட்டு வரும் பணத்தை எந்த ஆணையம் முன்கூட்டியே காட்டும்?

இங்கேதான் அசல் பிரச்சினை. வேகாஸ் கச்சேரிக்குத் திட்டம் போடும் இளைஞர்கள் கச்சேரிக்கு முந்தைய நேரத்தை நுணுக்கமாகத் திட்டமிடுகிறார்கள். எந்த இருக்கை, எந்த டி-ஷர்ட், எங்கே சாப்பாடு எல்லாம் தயார். கச்சேரி முடிந்த பிறகு என்ன என்பதற்குத் திட்டமே இல்லை. விடுதிக்காரர்களோ அந்த நேரத்துக்காகத்தான் கட்டடத்தையே கட்டி வைத்திருக்கிறார்கள்.

இரவு பதினொரு மணி என்று வைத்துக்கொள்ளலாம். கடைசிப் பாட்டு முடிந்து விளக்கு எரிகிறது. காது இன்னும் ரீங்காரமிடுகிறது, உடம்பில் ஒரு முறுக்கு, தூக்கம் வருகிற வழியாக இல்லை. ஐயாயிரம் பேர் ஒரே சமயத்தில் வெளியே வருகிறார்கள். வெளியே வருவது தெருவுக்கு அல்ல. பெரும்பாலும் ஸ்லாட் மெஷின்களுக்கு நடுவே. ஜன்னல் இல்லை, சுவரில் கடிகாரம் இல்லை, வாசல் எந்தப் பக்கம் என்று சட்டென்று பிடிபடாது. பில் ஃபிரீட்மன் என்ற ஆலோசகர், தாழ்ந்த கூரையும் வளைந்து வளைந்து போகும் பாதையும் தான் ஆட்டக்காரரை உட்காரவைக்கும் என்று தடித்த புத்தகமே எழுதியிருக்கிறார். பெல்லாஜியோவை அலங்கரித்த ரோஜர் தாமஸ் அதற்கு நேரெதிராக, உயரமான கூரையும் பூக்களுமாகச் செய்து வெற்றி பெற்றார். வழிதான் வேறு வேறு, இருவரின் குறியும் ஒன்றே.

வெளியே டாக்ஸி வரிசை அனுமார் வால் மாதிரி நீள்கிறது. போன் ஆப்பில் வண்டி கூப்பிட்டால் வழக்கமான கட்டணத்தைப் போல இரண்டு மடங்கு காட்டுகிறது. "அரை மணி நேரம் இங்கேயே இருந்துட்டுப் போலாமே, இருபது டாலர் தானே" என்று கூட்டத்தில் ஒருவன் சொல்வான். எல்லாக் கூட்டத்திலும் அப்படி ஒருவன் உண்டு.

இருபது டாலர் தானா? கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஒரு ஸ்லாட் மெஷின் நூறு டாலருக்குப் பத்து டாலர் எடுத்துக்கொள்கிறது என்று கணக்குக்காக வைத்துக்கொண்டால், "இருபது டாலரில் ரெண்டு டாலர்தானே போகும்" என்று தோன்றும். தப்பு. அந்தப் பத்து சதவீதம் பையில் இருக்கும் பணத்தின் மீது அல்ல, ஒவ்வொரு சுற்றின் மீதும். ஒரு சுற்றுக்கு ஒரு டாலர், மணிக்கு 500 சுற்று. ஒரு மணி நேரத்தில் 500 டாலர் மெஷினுக்குள் போய் வருகிறது. அதில் பத்து சதவீதம் 50 டாலர். கொண்டுவந்த இருபது அதில் எங்கே போனதென்றே தெரியாது. நெவாடா சட்டப்படி மெஷின் குறைந்தது 75 சதவீதம் திருப்பித் தரும்படி அமைந்தாலே போதும்.

மேசை ஆட்டத்திலும் இதே கதைதான். ரூலெட் சக்கரத்தில் இரண்டு பூஜ்யம் இருந்தால் 38 குழிகள், நூறு டாலர் கட்டினால் சராசரியாக 5.26 டாலர் வீட்டுக்காரருக்கு. ஸ்டிரிப்பில் இப்போது மூன்று பூஜ்யம் உள்ள சக்கரங்களும் உண்டு. ஒரே ஒரு குழிதான் கூடுதல், ஆனால் 5.26 என்பது 7.69 ஆகிவிடும். பிளாக்ஜாக்கில் பத்து டாலர் கட்டி 'பிளாக்ஜாக்' விழுந்தால் முன்பெல்லாம் 15 டாலர் கிடைக்கும். 'ஆறுக்கு ஐந்து' என்று எழுதிய மேசையில் 12 தான். எழுத்து அங்கே இருக்கிறது. கச்சேரி முடிந்த கிறக்கத்தில் யார் படிக்கிறார்கள்?

இன்னொரு விஷயம், உறுப்பினர் அட்டை. ஹார்வர்ட் பிசினஸ் ஸ்கூல் பேராசிரியராக இருந்த கேரி லவ்மன் 1998-ல் ஹாரா'ஸ் சூதாட்ட நிறுவனத்துக்குப் போனார். அட்டையைத் தேய்ப்பவர் என்ன ஆடுகிறார், எவ்வளவு நேரம் ஆடுகிறார் என்ற விவரங்களை வைத்தே அந்த நிறுவனத்தை வளர்த்தார். 2005-ல் ஹாரா'ஸ், சீசர்ஸையே வாங்கிவிட்டது. அட்டைக்காரருக்குக் கிடைக்கும் 'இலவச' அறையும் கச்சேரி டிக்கெட்டும் அவர் இழப்பார் என்று கணக்கிட்ட தொகையில் ஒரு பங்குதான். அதைப் பரிசு என்று சொல்வதைவிடத் தள்ளுபடி என்று சொல்வது சரி.

திருக்குறளில் கள்ளுண்ணாமைக்கு அடுத்த அதிகாரம் சூது. வேகாஸிலும் அதே வரிசைதான். ஆடுகிறவருக்கு முதலில் குடி இலவசம் :-)

"அப்படியானால் போகவே கூடாதா?" என்று கேட்டால், போகலாம். வேகாஸ் அரங்குகளில் ஒலி, ஒளி பிரமாதம். வயதான ராக் குழுக்கள் பஸ்ஸில் அலையாமல் ஒரே ஊரில் இருந்து பாட முடிகிறது. நாலு பாட்டு கேட்க வந்தவரை யாரும் கையைப் பிடித்து ஆட்ட மேசைக்கு இழுப்பதில்லை. சூதாட்டப் பணத்தில் கட்டிய நல்ல மேடையில் சூதாடாமல் பாட்டு மட்டும் கேட்டுவிட்டு வருகிறவன்தான் அந்த ஊரிலேயே லாபத்தோடு திரும்பும் ஆசாமி. ஆனால் அதற்குத் திட்டத்தைக் கடைசியிலிருந்து தொடங்கவேண்டும்.

லாஸ் ஏஞ்சலிஸிலிருந்து காரில் கிளம்பும் நான்கு கல்லூரி நண்பர்களுக்கு, சுமார் 270 மைல் பயணத்துக்கு, திட்டம் இப்படி இருக்கலாம்:

1. முதலில் முடிவு செய்யவேண்டியது, பதினொன்றரை மணிக்கு எங்கே இருப்பது என்று. நடந்தே போகும் தூரத்தில் அறை அல்லது ஸ்டிரிப்பில் இரவு முழுக்க ஓடும் 'டியூஸ்' பஸ். சாப்பாட்டைக் கச்சேரிக்குப் பின் வேறு இடத்தில் வைத்துக்கொண்டால் முறுக்கு இறங்க நேரமும் கிடைக்கும், பேச விஷயமும் இருக்கும்.

2. நால்வரில் ஒருவருக்கு 21 வயது நிறையவில்லை என்றால் அதை முதலிலேயே யோசிக்கவேண்டும். அவர் ஆட்டக்கூடத்தைக் கடந்து போகலாம், அங்கே தங்கக் கூடாது. ஸ்டிரிப்பில் பெரும்பாலான விடுதிகளில் அறையும் 21 ஆனவர் பெயரில்தான் கிடைக்கும். மூவர் ஆடிக்கொண்டிருக்க நாலாமவர் நடைபாதையில் தேவுடு காப்பது என்ன நட்பு?

3. அறை, ரிசார்ட் கட்டணம், பார்க்கிங், பெட்ரோல் எல்லாவற்றையும் டிக்கெட்டோடு கூட்டி நாலால் வகுத்துப் பார்க்கவேண்டும். அந்த எண்தான் கச்சேரியின் உண்மையான விலை. பிடிக்கவில்லையென்றால் வார நாளில் நடக்கும் காட்சியைப் பார்க்கலாம். அறை வாடகை பெரும்பாலும் இறங்கும். ஞாயிறு மதியம் கலிஃபோர்னியா பக்கம் நகரவே நகராத நெரிசலிலிருந்தும் தப்பலாம்.

4. ஆடித்தான் தீருவேன் என்பவர் அதற்கான தொகையை வீட்டிலேயே செலவுப் பக்கத்தில் எழுதிவிடவேண்டும். முதலீட்டுப் பக்கத்தில் அல்ல. ரொக்கமாக மட்டும் எடுத்துக்கொண்டு, கார்டை அறையில் வைத்துவிட்டு வரவேண்டும். போனது போனதுதான். போனதை மீட்கப் போடும் பணத்துக்குத்தான் அந்த ஊரில் இத்தனை விளக்கு எரிகிறது.

மாணவர்களுக்கு இது சின்ன விஷயம் அல்ல. மாலை நேர வேலை பார்த்து, ஒரு பருவம் முழுக்கச் சேர்த்த பணம் ஒரு கச்சேரி டிக்கெட் ஆகிறது. அதற்குக் கிடைத்த இரண்டு மணி நேரப் பாட்டு வாழ்நாளுக்கும் நினைவில் நிற்கக்கூடியது. அதன்மேல் 'அன்று முந்நூறு டாலர் விட்ட ராத்திரி' என்ற முத்திரை விழுந்துவிட்டால், நண்பர்கள் மறுபடி கூடும்போது பேச்சு பாட்டைப் பற்றி இருக்காது. பணத்தை அடுத்த பருவத்தில் சம்பாதித்துக்கொள்ளலாம், அந்த ராத்திரியை முடியாது.

டிக்கெட் சுண்டைக்காய். சுமைகூலியை யார் தீர்மானிப்பது என்பதுதான் கேள்வி. வீட்டில் உட்கார்ந்து, தெளிந்த மனதோடு, போகிறவரே தீர்மானிக்கவேண்டும். பதினொரு மணிக்கு அந்த ஜன்னலில்லாத கூடத்தில் நின்றுகொண்டு அல்ல.