அடுத்த கோச் யாரு?

கோச் ஓவன் கோயல் சென்னையின் எஃப்.சி. கால்பந்து அணியை விட்டு விலகிய செய்தி 2025 ஜூலையில் வந்தது. அன்று சாயங்காலம் வேடசந்தூர் ஆத்துமேட்டு டீக்கடையில் வேறு பேச்சே இல்லை. நூற்பாலையில் பகல் ஷிஃப்ட் முடித்து வந்த இளவட்டங்கள், தலைமுடியில் ஒட்டியிருந்த பஞ்சைக்கூடத் தட்டாமல், அடுத்த கோச் யாரென்று அலசிக்கொண்டிருந்தார்கள். ஒருவன் ஸ்பெயின்காரர்தான் வருவார் என்றான். இன்னொருவன் போனை நீட்டி, அணியின் ஆட்டக்காரர் ஒருவர் இன்ஸ்டாகிராமில் புதிதாக யாரைப் பின்தொடர்கிறார் என்று காட்டினான். மூன்றாமவன், "யாரு வந்தா என்னண்ணே, முதல்ல டிஃபென்ஸைச் சரிபண்ணத் தெரிஞ்ச ஆளா வரணும்" என்று என்னைப் பார்த்துச் சொன்னான். முந்தைய சீசனில் பதின்மூன்று அணிகளில் பதினொன்றாவதாக முடித்த அணி அது. அவன் சொன்னதில் ஒரு தப்பும் இல்லை.

வேடசந்தூரிலிருந்து சென்னை நேரு ஸ்டேடியம் நானூறு கிலோமீட்டருக்கு மேல். இந்தப் பையன்களில் பாதிப் பேர் அதை டி.வி.யில்தான் பார்த்திருக்கிறார்கள். ஆனாலும் அந்த நீலச் சட்டை அவர்களுடையது. இப்படிப் பேசுவதை வெட்டிப் பேச்சு என்று ஒதுக்குகிறவர்களோடு எனக்கு உடன்பாடு கிடையாது. அபிஷேக் பச்சனும் வீட்டா தானியும் தோனியும் உரிமையாளர்களாக இருக்கும் கிளப்பில் டிக்கெட் வாங்குகிறவனுக்கு ஓட்டு இல்லை. கோச்சை யாரும் அவனிடம் கேட்டு நியமிப்பதில்லை. அதனால் அவன் தானாகவே கூட்டம் போட்டு, தானாகவே நியமித்து, தானாகவே காரணம் சொல்கிறான். அக்கறை இல்லாதவன் இதற்கு ஒரு மாலைப்பொழுதைக் கொடுக்க மாட்டான்.

சென்னையின் எஃப்.சி.யின் கதையே இந்த யூகங்களைத் தொடர்ந்து தோற்கடித்த கதைதான். 2014-ல் மார்கோ மாத்தராஸி வந்தார். 2006 உலகக் கோப்பை இறுதி ஆட்டத்தில் ஜிடான் நெஞ்சில் முட்டியது இவரைத்தான். பெரிய பெயர், ஆனால் பயிற்சியாளராக அனுபவம் இல்லை. அடுத்த ஆண்டு பாதி சீசன் தாண்டியபோது அணி பட்டியலின் அடியில் கிடந்தது. இவரை அனுப்பிவிடுவார்கள் என்று பேசாத ஆளில்லை. அனுப்பவில்லை. அந்த டிசம்பரில் சென்னை வெள்ளத்தில் மூழ்கியிருந்தது. அரையிறுதியின் சொந்த மண் ஆட்டத்தைப் புனேயில் ஆட வேண்டிவந்தது. அங்கே கொல்கத்தாவை 3-0 என்று வென்றார்கள். இறுதி ஆட்டம் கோவாவில், டிசம்பர் 20. தொண்ணூறாவது நிமிடம் நெருங்கும்போது ஒரு கோல் பின்தங்கியிருந்த அணி, கோவா கோல்கீப்பரின் கையில் பட்டு உள்ளே போன பந்தால் சமன் செய்தது. கூடுதல் நிமிடங்களில் மெண்டோசா அடித்த கோலில் 3-2. அந்த இரவை நினைத்தால் எனக்கு இப்போதும் உடம்பு சிலிர்க்கிறது.

அடுத்து ஜான் கிரிகரி. ஆஸ்டன் வில்லாவில் இருந்தவர்தான், ஆனால் அது பழைய காலம் என்று முணுமுணுத்தார்கள். அவர் வந்த முதல் சீசனிலேயே, 2018 மார்ச்சில், பெங்களூரை பெங்களூரிலேயே 3-2 என்று தோற்கடித்து இரண்டாவது கோப்பை. அதே கிரிகரியின் அடுத்த சீசன் பதினெட்டு ஆட்டத்தில் ஒன்பது புள்ளி, கடைசி இடம். 2019 டிசம்பரில் கோயல் முதல் தடவை வந்தபோது வரவேற்பு ஒன்றும் பிரமாதமாக இல்லை. அடிமட்டத்தில் கிடந்த அணியை இறுதி ஆட்டம் வரை கொண்டுபோனார். கொரோனாவால் ஆளில்லாத அரங்கில் நடந்த அந்த ஆட்டத்தில் தோற்றோம். அவர் ஜாம்ஷெட்பூருக்குப் போய் 2021-22 லீக் ஷீல்டை அவர்களுக்கு வாங்கிக்கொடுத்தார். திரும்ப 2023-ல் நம்மிடம் வந்தபோது மாலை போடாத குறை. இரண்டாவது தடவை முதல் தடவை மாதிரி அமையவில்லை. இடையில் வந்த லாஸ்லோ, பாந்தோவிச், பர்டாரிச் மூவரையும் பற்றி எழுத அதிகமில்லை. இத்தாலி, இங்கிலாந்து, ஸ்காட்லாந்து, ஹங்கேரி, மாண்டினீக்ரோ, ஜெர்மனி என்று பதினோரு வருஷம் வெளியிலிருந்தே ஆட்கள் வந்தார்கள்.

வெளியிலிருந்து வரும் பெயரை நம்புவது நம்முடைய பலவீனம் மட்டுமல்ல. ஆத்துமேட்டுப் பையன்களில் மான்செஸ்டர் யுனைடெட் கட்சிக்காரர்கள் அதிகம். அலெக்ஸ் ஃபெர்குசன் 2013-ல் ஓய்வுபெற்ற பிறகு மாயஸ், வான் ஹால், மொரின்யோ, சோல்ஷேர், டென் ஹாக், அமோரிம் என்று ஒவ்வொரு பெயராக நம்பி, ஒவ்வொரு பெயராகக் கைவிட்டவர்கள். கோயில் திருவிழாவுக்குப் போட்ட ஃபிளெக்ஸில்கூட அந்தச் சிவப்புச் சட்டையில்தான் நிற்பார்கள். பெயர் பெரிதாக இருந்தால் அணியும் பெரிதாகிவிடும் என்ற நம்பிக்கை அவர்களுக்கு அங்கிருந்துதான் ஒட்டிக்கொண்டது.

கோயல் விலகிய அதே மாதம், இந்திய அணிக்கும் கோச் இல்லை. மனோலோ மார்க்கேஸ் போய்விட்டார். அகில இந்திய கால்பந்து சம்மேளனத்துக்கு 170 விண்ணப்பங்கள் வந்தன. பட்டியலில் பார்சிலோனாவின் சாவி பெயர் இருப்பதாகச் செய்தி பரவியது. டீக்கடையில் ஒரே கொண்டாட்டம். குவார்டியோலா, சாவி பெயர்களில் வந்த மின்னஞ்சல்கள் உண்மையானவை அல்ல என்று சம்மேளனமே பிறகு அறிவித்தது. யாரோ விளையாட்டாகச் செய்தது. எனக்கு வருத்தம் அந்த விளையாட்டில் இல்லை. அந்தச் சில நாட்கள், உண்மையாகவே விண்ணப்பித்து, தகுதியோடு காத்திருந்த ஒருவரைப் பற்றி எங்கள் கடையில் அநேகமாக யாரும் வாய் திறக்கவில்லை. அவர் காலித் ஜமில்.

அவரைப் பற்றி அன்று பேசியது ஒரே ஒருவர். ஜார்க்கண்டிலிருந்து வந்து இங்கே ஆலையில் ரிங் ஃபிரேம் ஓட்டுகிறவர். வேடசந்தூர் வட்டாரத்தில் இப்போது வடக்கத்திப் பிள்ளைகள் இல்லாத ஆலை அபூர்வம். இவர் ஜாம்ஷெட்பூர் ரசிகர். தமிழ் நன்றாகவே பேசுவார். "காலித் சார் எங்க டீமை சூப்பர் கப் ஃபைனல் கொண்டுவந்தாரு அண்ணா. அவருக்குக் குடுக்கணும்" என்றார். மற்றவர்கள் கேட்டுக்கொண்டார்கள், அவ்வளவுதான். ஆகஸ்ட் 1-ஆம் தேதி காலித் ஜமில்தான் நியமிக்கப்பட்டார். 2012-க்குப் பிறகு இந்திய அணிக்கு நிரந்தரமாக வந்த முதல் இந்தியர்.

காலித்தின் வரலாறு தெரிந்திருந்தால் அன்றைக்கே நாங்கள் அவர் பெயரைச் சொல்லியிருப்போம். 2016-17-ல் மிசோரமின் அய்சால் எஃப்.சி.யை ஐ-லீக் சாம்பியனாக்கியவர். மோகன் பகானும் ஈஸ்ட் பெங்காலும் பெங்களூரும் ஆடிய லீக்கில், முந்தைய சீசனில் கீழே இறக்கப்பட்டு மறுபடி சேர்க்கப்பட்ட ஒரு சின்ன மலை ஊர் அணி அது. பிறகு நார்த் ஈஸ்ட் யுனைடெட்டில் உதவியாளர். 2021 தொடக்கத்தில் தலைமைக் கோச்சை அனுப்பிவிட்டு இவரைத் தற்காலிகமாகப் பார்த்துக்கொள்ளச் சொன்னார்கள். அணி தோற்காமலே அரையிறுதி போனது. இந்தியன் சூப்பர் லீக் (ஐ.எஸ்.எல்.) தொடங்கி ஏழு வருஷம் கழித்து, முதல்முறையாக ஓர் இந்தியருக்கு நிரந்தரத் தலைமைக் கோச் பதவி கிடைத்தது அப்படித்தான். அவர் வந்ததும் இந்திய அணி சரியாகிவிடவில்லை. ஓமனைப் பெனால்டியில் வென்று மூன்றாம் இடம் பிடித்த அணி, அக்டோபரில் சிங்கப்பூரிடம் சொந்த மண்ணில் தோற்று ஆசியக் கோப்பை வாய்ப்பை இழந்தது. அது வேறு கணக்கு. ஆனால் கேட்கப்பட வேண்டிய பெயர் கேட்கப்பட்டது.

உதவியாளர் என்ற நாற்காலியைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. சையத் சாபிர் பாஷா சென்னைக்காரர். இந்தியன் வங்கி அணியின் முன்கள ஆட்டக்காரர், இந்தியாவுக்கும் ஆடியவர். வெளிநாட்டுக் கோச்கள் வந்து வந்து போனபோது பக்கத்தில் நின்று பையன்களைத் தயார்செய்தவர். 2022 பிப்ரவரியில் கோவாவிடம் 5-0 என்று அடிவாங்கி பாந்தோவிச் போனதும், மிச்சமிருந்த ஆட்டங்களுக்கு இவர் பொறுப்பேற்றார். சீசன் முடிந்ததும் ஜெர்மனியிலிருந்து புதுக் கோச். தலைக்கு மேல் வெள்ளம் போன பிறகு கூப்பிடுவதும், வெள்ளம் வடிந்ததும் அனுப்புவதும் நம்மூர் கோச்சுக்கு நடப்பது. அப்போது நாங்களும் டீக்கடையில் ஜெர்மன்காரரைப் பற்றித்தான் பேசினோமே தவிர, பாஷாவுக்கு ஒரு முழு சீசன் கொடுத்தால் என்ன என்று யாரும் கேட்கவில்லை. ரசிகன் கேட்காததை முதலாளி எதற்குக் கொடுக்கப்போகிறார்?

ஒரு தமிழ்ப் பயிற்சியாளரின் கையில் என்ன நடக்கும் என்பதைக் கேரளம் 1973-லேயே பார்த்துவிட்டது. அவர்கள் முதன்முதலாகச் சந்தோஷ் டிராபியை வென்றபோது கோச்சாக இருந்தவர் சைமன் சுந்தர்ராஜ். 1960 ரோம் ஒலிம்பிக்கில் இந்திய அணியில் இருந்தவர்.

கோயம்புத்தூரில் நடந்ததையும் சொல்ல வேண்டும். சென்னை சிட்டி எஃப்.சி. அங்கே நேரு ஸ்டேடியத்தில் ஆடிக்கொண்டிருந்தது. 2018-ல் அக்பர் நவாஸ் என்ற சிங்கப்பூர்க்காரரைக் கோச்சாக அழைத்துவந்தார்கள். இங்கே யாரும் கேள்விப்பட்டிராத பெயர். பந்தைக் காலிலேயே வைத்து ஆடும் அணியாக அதை மாற்றினார். பெட்ரோ மான்சி கோல்களாகக் குவித்தார், எட்வின் வன்ஸ்பால் மாதிரி நம்மூர்ப் பிள்ளைகள் நடுவில் ஓடினார்கள். 2019 மார்ச் 9, கடைசி ஆட்டம். மினர்வா பஞ்சாப் முதலில் கோல் அடித்தது. அங்கிருந்து 3-1. ஈஸ்ட் பெங்காலை ஒரே ஒரு புள்ளியில் முந்தி ஐ-லீக் கோப்பை தமிழ்நாட்டுக்கு வந்தது. எங்கள் பக்கத்திலிருந்து தாராபுரம் வழியாகப் பஸ் ஏறிப்போய்ப் பார்த்தவர்கள் இன்றும் அந்த டிக்கெட்டைப் பர்ஸில் வைத்திருக்கிறார்கள். அந்தக் கிளப் இரண்டு மூன்று வருஷத்தில் தேசிய லீக்கிலிருந்தே காணாமல் போய்விட்டது. அதன் அடுத்த கோச் யாரென்று இப்போது யாரும் கேட்பதில்லை. கேட்க அணி இல்லை.

2025-ல் ஐ.எஸ்.எல்.லுக்கும் அந்த நிலை வந்துவிடுமோ என்று பயந்தோம். சம்மேளனத்துக்கும் லீக்கை நடத்திய நிறுவனத்துக்கும் இடையிலான ஒப்பந்தம் டிசம்பரில் முடியவிருந்தது, புதுப்பிக்கவில்லை. சீசன் தள்ளிப்போனது. சம்பளம் நிறுத்தப்பட்ட செய்திகள் வந்தன. ஆத்துமேட்டில் பேச்சு மாறிவிட்டது. அடுத்த கோச் யாரு என்று கேட்டவர்கள், அடுத்த மேட்ச் எப்போது என்று கேட்கத் தொடங்கினார்கள். அந்த வாரங்களில்தான் கோச் பற்றிய சண்டையின் அருமை எனக்குத் தெரிந்தது. அந்தக் குழப்பத்துக்கு நடுவில்தான் சென்னையின் எஃப்.சி. கிளிஃபோர்ட் மிராண்டாவை நியமித்தது. கோவாக்காரர். 2020-ல் இடையில் பொறுப்பேற்று எஃப்.சி. கோவாவுக்கு லீக் ஷீல்டும், 2023-ல் அதேபோல இடையில் வந்து ஒடிசாவுக்கு சூப்பர் கப்பும் வாங்கிக்கொடுத்தவர். சென்னையின் முதல் நிரந்தர இந்தியக் கோச். எங்கள் பையன்களின் பட்டியலில் இவர் பெயரும் இல்லை.

பெண்கள் கால்பந்து பக்கம் போனால் இன்னும் மோசம். மதுரை நமக்குக் கூப்பிடு தூரம். அங்கிருந்து எழுந்த சேது எஃப்.சி. 2019-ல் இந்திய மகளிர் லீக் சாம்பியன். கடலூர் இந்திரா காந்தி அகாடமியில் மாரியப்பன் கையில் பழகிய சந்தியா, இந்துமதி போன்றவர்கள் இந்தியாவுக்கு ஆடியிருக்கிறார்கள். சேதுவின் அடுத்த கோச் யாரென்று திண்டுக்கல் மாவட்டத்தில் எந்தக் கடையிலும் ஒரு வாக்குவாதம் நடந்து நான் கேட்டதில்லை. நடக்க வேண்டும்.

போன வருஷம் எங்கள் பக்கத்துப் பள்ளி ஒன்றில் பி.டி. சார் கலந்தாய்வில் மாறுதலாகிப் போனார். காலை ஆறு மணிக்குக் கூம்புகளை அடுக்கி வைத்துவிட்டுப் பையன்களுக்காகக் காத்திருக்கும் மனிதர். பையன்களுக்கு உடனே அதே கேள்வி. திண்டுக்கல்லிலிருந்து ஒருவர் வருவதாகவும், வடமதுரைக்காரர் கேட்டிருப்பதாகவும், வருகிறவர் கபடி ஆள் என்பதால் பந்தைப் பூட்டிவிடுவார் என்றும் ஏகப்பட்ட சேதி. மான்செஸ்டருக்குச் சொல்லும் அதே தீவிரத்தோடு சொன்னார்கள். இடம் மாதக்கணக்கில் காலியாகவே கிடந்தது.

அந்த இடைவெளியில் மைதானத்துக்கு வந்தவர் ஜார்க்கண்ட் தம்பி. இரவு ஷிஃப்ட் இருக்கும் வாரங்களில் மாலை நாலரைக்கு வருவார். முதல் அரைமணி பந்தே கிடையாது, இரண்டிரண்டு பேராக நிற்கவைத்து, ஒருவன் ஓடுமிடத்தை மற்றவன் கண்ணால் பிடிக்கப் பழக்குவார். பிறகு இடது காலால் மட்டும் பாஸ். வலது காலில் தொட்டால் பந்து எதிரணிக்கு. பையன்கள் ஆரம்பத்தில் சலித்துக்கொண்டார்கள். மூன்று மாதத்தில், பந்து வருமுன்பே தலையைத் திருப்பிப் பார்க்கிற பழக்கம் அவர்களுக்கு வந்துவிட்டது. நானே நின்று பார்த்தேன்.

இப்போது பையன்களைக் கேட்டால், அடுத்த கோச் என்று அவர் பெயரைத்தான் சொல்கிறார்கள். அவரிடம் சான்றிதழ் எதுவும் இல்லை. சம்மேளனத்தின் டி லைசென்ஸ் வகுப்பில் சேர வேண்டும் என்று ஆசை. கட்டணத்துக்கு ஆத்துமேட்டுக் கடைக்காரர் உட்பட நாலு பேர் பணம் போட ஒத்துக்கொண்டிருக்கிறோம். வகுப்பு நடக்கும் நாட்களுக்கு ஆலையில் சம்பளத்தோடு விடுப்பு வேண்டும். அதைக் கேட்க வரும் திங்கட்கிழமை மேலாளரைப் பார்க்கப் போகிறோம். பள்ளிப் பையன்கள் இரண்டு பேர் தாங்களும் வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள்.