இங்கிலாந்து விலகினால் கட்டுநாயக்கவில் என்ன?



ஹேவாஹெட்டவிலிருந்து தலாத்துஓயா வழியாகக் கண்டிக்குப் போகும் பஸ்ஸில் ஒரு தாய் என் பக்கத்தில் வந்து அமர்ந்தார். 1977 கலவரத்தின்போது, சிறுமியாக, பெற்றோருடன் தோட்டத்தை விட்டு வன்னிக்குப் போனவர். யுத்தத்தில் கணவரை இழந்து, பிள்ளைகளோடு மீண்டும் இங்கே வந்து சேர்ந்தார். மூத்த மகள் கட்டுநாயக்கவில் கார்மென்ட்ஸில் தைக்கிறாள். அவள் அனுப்பும் காசில்தான் வீட்டில் அடுப்பெரிகிறது.

"அக்கா, இங்கிலாந்துக்காரங்க ஐரோப்பாவ விட்டு வெலகிட்டாங்களாமே. நம்ம புள்ளைக தைக்கிற சட்டைய வாங்குவாங்களா?" என்று கேட்டார்.

நல்ல கேள்வி. ஐரோப்பிய ஒன்றியம் என்பது பல நாடுகள் ஒரே வேலிக்குள் வியாபாரம் செய்யும் ஏற்பாடு. வேலிக்குள் பொருளுக்குச் சுங்க வரி இல்லை. அதனால்தான் ஜப்பானிய நிஸான் கம்பனி 1986இல் இங்கிலாந்தின் சண்டர்லாந்தில் கார் செய்யத் தொடங்கியது. ஹொண்டாவும் சுவிண்டனுக்கு வந்தது. இங்கிலாந்தில் மட்டும் விற்பதற்கல்ல. அங்கிருந்து ஐரோப்பா முழுவதற்கும் வரியின்றி அனுப்பலாம் என்பதற்காக.

2016 ஜூனில் பிரித்தானிய மக்கள் விலகுவதற்கு வாக்களித்தார்கள். 2020 ஜனவரி 31இல் விலகினார்கள். ஹொண்டா 2021 ஜூலையில் சுவிண்டன் ஆலையை மூடியது. சுமார் 3,500 பேர் அங்கே வேலை செய்தார்கள். விலகல் காரணமல்ல, மின்சாரக் கார்களுக்கு மாறுவதே காரணம் என்றது கம்பனி. பழி முழுவதையும் விலகலின் மேல் போட முடியாதுதான். ஜப்பானும் ஐரோப்பாவும் செய்துகொண்ட ஒப்பந்தம் 2019 பெப்ரவரியில் நடைமுறைக்கு வந்தது. கார் வரி படிப்படியாகக் குறைய, ஜப்பானிலிருந்தே அனுப்ப வழி பிறந்தது. நிஸான் போகவில்லை. 2023இல் சண்டர்லாந்தில் புது முதலீட்டையும் அறிவித்தது. ஆனால் வாக்கெடுப்புக்குப் பின் என்ன விதி வரும் என்று தெரியாத வருடங்களில், பல முதலீட்டாளர்கள் கையைக் கட்டிக்கொண்டு காத்திருந்தார்கள். மூடிய ஆலை கண்ணுக்குத் தெரியும். கட்டாமலே விட்ட ஆலையை யார் எண்ணுவது?

இனி நம் பிள்ளைகளின் கதை. இலங்கை ஆடைகளை அதிகம் வாங்கும் நாடுகளில் பிரித்தானியாவும் ஒன்று. முன்பு ஐரோப்பாவின் வரிச்சலுகை ஒன்றே இரண்டு இடத்துக்கும் போதும். இப்போது வாசல் இரண்டு, விதியும் இரண்டு. நல்லவேளை, பிரித்தானியா சலுகையை நிறுத்தவில்லை. 2023 ஜூனில் தனக்கென ஒரு திட்டத்தைத் தொடங்கியது. நம் தொழிற்சாலைகளுக்குத் துணியில் பெரும்பகுதி வெளிநாட்டிலிருந்து வருகிறது. துணி எங்கே செய்யப்பட்டது என்பதைப் பார்த்துத்தான் பிரித்தானியா சலுகை கொடுத்துவந்தது. அந்த விதியைத் தளர்த்தப் போவதாக 2025 ஜூலையில் பிரித்தானிய அரசு அறிவித்தது.

சலுகை போனால் என்ன ஆகும் என்பது நமக்குப் புதிதல்ல. மனித உரிமைக் காரணங்களுக்காக ஐரோப்பிய ஒன்றியம் 2010 ஆகஸ்டில் ஜீ.எஸ்.பி. பிளஸ் சலுகையை நிறுத்தியது. நம் ஆடைகளுக்கு 9.6 சதவீத வரி விழுந்தது. 2017 மே வரை அப்படித்தான் இருந்தது. பிழை செய்தவர்கள் யாரோ, பயத்தோடு மெஷினுக்கு முன் இருந்தவர்கள் நம் பெண்கள்.

சலுகை இருந்தாலும் வேலை நிச்சயம் என்று சொல்ல முடியாது. 2025 மே மாதம் பிரித்தானியாவின் நெக்ஸ்ட் நிறுவனம் கட்டுநாயக்க தொழிற்சாலையை மூடியது. செலவு கூடிவிட்டது என்றார்கள். 1,400க்கும் மேற்பட்டோர் வேலை இழந்தார்கள்.

அந்தத் தாயிடம் இதையெல்லாம் சொல்லிவிட்டு, மகளிடம் கேட்கவேண்டியவற்றையும் சொன்னேன். நியமனக் கடிதம் கையில் இருக்கிறதா? சேமலாப நிதிக்குச் சம்பளத்தில் 8 சதவீதம் வெட்டினால், முதலாளி 12 சதவீதம் போடவேண்டும். நம்பிக்கைப் பொறுப்பு நிதிக்கு வேறாக 3 சதவீதம். 15 பேருக்குக் குறையாத இடத்தில் ஐந்து வருடம் முடித்தவளுக்கு, வருடத்துக்கு அரைமாதச் சம்பளம் பணிக்கொடை உண்டு. தொழிற்சாலையை மூடுகிறோம் என்று கடதாசி நீட்டினால், வாசித்து விளங்காமல் கையெழுத்து வைக்கக்கூடாது. அவளுடைய எழுத்துமூலச் சம்மதமோ தொழில் ஆணையாளரின் அனுமதியோ இல்லாமல் அப்படி நிறுத்தச் சட்டம் இடம்கொடுக்காது.

"நாலு வருசமும் எட்டு மாசமும் ஆச்சு அக்கா," என்றார் அவர், விரலில் எண்ணிப் பார்த்து. கண்டி வந்து இறங்கும் முன்பே மகளுக்கு போன் எடுத்துவிட்டார்.