திருத்துவதற்கல்ல பரிசு

தீபாவளி, கிறிஸ்துமஸ், பொங்கல் என்று விசேஷம் நெருங்கினால் புதுச்சேரியின் வில்லியனூர், பாகூர் கொம்யூன் கிராமங்களில் ஒரே தீர்ப்புதான் காதில் விழுகிறது: “கேம் ஆடுற புள்ளைக்கு கேமையே வாங்கிக் குடுத்தா உருப்படுமா? அதை மறக்கடிக்கிற மாதிரி ஏதாவது குடுங்க.” அத்தை பொது அறிவுப் புத்தகம் வாங்குகிறார். மாமா கைக்கடிகாரம் வாங்குகிறார். பெரியப்பா பேனா செட்டோடு அரை மணி நேர அறிவுரையும் சேர்த்துத் தருகிறார். எல்லாவற்றையும் வாங்கி அலமாரியில் வைத்துவிட்டு, பிள்ளை போனை எடுத்துக்கொண்டு மொட்டை மாடிக்குப் போய்விடுகிறது.

இந்த நம்பிக்கை தவறானது. எந்தக் கேட்டிலிருந்து பிள்ளையைக் காப்பாற்ற நினைக்கிறோமோ, அந்தக் கேட்டின் வாசலிலேயே கொண்டுபோய் விடுகிறது.

“எங்க வீட்டுல கேம் எதுவும் வாங்கித் தர்றதில்ல” என்று சொல்லும் வீட்டில் போனை வாங்கிப் பாருங்கள். ஃப்ரீ ஃபயர் மேக்ஸ் இருக்கும், அல்லது பிஜிஎம்ஐ இருக்கும். இரண்டையும் இறக்க ஒரு பைசா தேவையில்லை. பப்ஜி மொபைலை மத்திய அரசு 2020 செப்டம்பரில் தடை செய்தது; அடுத்த ஆண்டே பிஜிஎம்ஐ என்ற பெயரில் இந்தியாவுக்கென்றே ஒன்று வந்தது. ஃப்ரீ ஃபயரை 2022 பிப்ரவரியில் தடை செய்தார்கள். அதன் இன்னொரு வடிவமான மேக்ஸ் தொடர்ந்து ஓடுகிறது. அரசாணையே நிறுத்தாத ஆட்டத்தை அத்தையின் பொது அறிவுப் புத்தகம் நிறுத்திவிடும் என்று நம்புவது எப்படி?

இலவசமாக வரும் இந்த ஆட்டங்களுக்குள் ஒரு கடை இருக்கிறது. நிறுவனத்துக்கு வருமானம் வருவது அந்தக் கடையிலிருந்துதான். ஃப்ரீ ஃபயரில் அந்தக் கடையின் காசுக்கு டைமண்டு என்று பெயர். டைமண்டு இருந்தால் துப்பாக்கிக்கு ஸ்கின் வாங்கலாம், ஆளுக்கு உடுப்பு வாங்கலாம், பூயா பாஸ் வாங்கலாம், லக் ராயல் என்ற அதிர்ஷ்டச் சக்கரத்தைச் சுற்றிப் பார்க்கலாம். பொங்கலுக்குப் பெரியவர்கள் காலில் விழுந்து வாங்கிய நூறும் ஐம்பதும் சட்டைப் பையில் இருக்க, ஏழாவது படிக்கும் பையன் ரீசார்ஜ் கடைக்குப் போகிறான். தன் ஆட்ட எண்ணை மனப்பாடமாகச் சொல்கிறான். டைமண்டு ஏறுகிறது. கடை வாசலில் நின்றபடியே சுற்றுகிறான். கேட்ட உடுப்பு வரவில்லை, வேண்டாத ஏதோ ஒன்று வருகிறது. மறுபடி சுற்றுகிறான். தெருமுனை திரும்புவதற்குள் பொங்கல் காசு தீர்ந்துவிடுகிறது. வீட்டில் சொல்ல முடியாது. கேமைப் பற்றி வாயெடுத்தாலே திட்டு விழுமே. காசு போட்டு, என்ன வரும் என்று தெரியாமல் திறக்க வைக்கும் இந்த வகை ஏற்பாடு சூதாட்டத்தில் சேரும் என்று பெல்ஜியத்தின் சூதாட்ட ஆணையம் 2018-லேயே சொல்லிவிட்டது. நம் பெரியவர்களுக்கோ அப்படி ஒரு கடை இருப்பதே தெரியாது.

ஒரு தடவை காசு கொடுத்து வாங்கும் ஆட்டம் வேறு ஜாதி. ஸ்டார்டியூ வேலி என்று ஒன்று இருக்கிறது. எரிக் பரோன் என்ற ஒரே மனிதர் நான்கு ஆண்டுகளுக்கு மேல் தனியாக உட்கார்ந்து படம், இசை, நிரல் எல்லாம் தானே செய்து 2016-ல் வெளியிட்டார். தாத்தா விட்டுப்போன தரிசு நிலத்தைப் பேரன் திருத்திப் பயிர் வைப்பதுதான் கதை. எந்தப் பருவத்தில் எதை விதைப்பது, அறுவடைக் காசில் எவ்வளவு விதைக்கு ஒதுக்குவது என்று கணக்குப் போட்டே ஆட வேண்டும். போனிலும் ஓடும். சில நூறு ரூபாய் விலை. அதன் பிறகு உள்ளே விளம்பரமும் இல்லை, கடையும் இல்லை. சொர்ணவாரி, சம்பா, நவரை என்று பட்டம் பார்த்து நடவு செய்யும் பாகூர்ப் பக்கத்துப் பிள்ளைக்கு இது அந்நியமாகவா இருக்கும்? காசு கொடுத்து வாங்குகிற ஆட்டம் கெடுக்கும், சும்மா வருகிற ஆட்டத்தால் நஷ்டமில்லை என்ற நம் கணக்கு தலைகீழ்க் கணக்கு.

இந்தக் கணக்கு பிறந்ததற்குக் காரணம் ரம்மி. ஆன்லைன் ரம்மியில் பணத்தை இழந்து உயிரை விட்டவர்களைத் தமிழ்நாடு பார்த்தது. 2022-ல் அங்கே அவசரச் சட்டமே வந்தது. அந்தப் பயம் நியாயமானது. ஆனால் பணம் கட்டி ஆடியவர்கள் பெரியவர்கள். பழி மட்டும் பிள்ளைகளின் எல்லா ஆட்டத்தின் மேலும் விழுந்தது. 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய ஆன்லைன் விளையாட்டுச் சட்டம்கூட இந்த வேறுபாட்டைத் தெளிவாகப் பார்க்கிறது. பணம் வைத்து ஆடுவதைத் தடை செய்கிறது. மின்விளையாட்டுப் போட்டிகளையும் பொழுதுபோக்கு ஆட்டங்களையும் வளர்க்க வேண்டியவை என்கிறது. உலக சுகாதார நிறுவனம் ‘கேமிங் கோளாறு’ என்று நோய்ப் பட்டியலில் சேர்த்திருப்பதும் உண்மை. கட்டுப்பாடு கைவிட்டுப் போய், மற்ற வேலையெல்லாம் பின்னுக்குத் தள்ளப்பட்டு, கெடுதல் தெரிந்தும் நிறுத்த முடியாமல், பொதுவாக ஓராண்டாவது நீடித்தால்தான் அது கோளாறு. லீவு நாளில் இரண்டு மணி நேரம் ஆடுகிறவனுக்கு அந்தப் பெயரைச் சூட்டக் கூடாது.

ஆட்டத்தைப் பரிசாகக் கொடுப்பது நமக்குப் புதிதும் இல்லை. கல்யாணச் சீரோடு பல்லாங்குழி கொடுத்தனுப்பிய வீடுகள் உண்டு. புகுந்த வீட்டில் அந்தப் பெண் ஆடட்டும் என்றுதான் கொடுத்தார்கள். அவளைத் திருத்த அல்ல. இன்றைக்கோ, பெண் பிள்ளைக்கு ஆட்டம் பரிசளிக்க யாருக்குமே தோன்றுவதில்லை. அண்ணன் வைத்துவிட்டுப் போன போனில் ஒளிந்து ஆடுகிறாள். கனடாவுக்குக் குடிபோன தமிழ்க் குடும்பம் ஒன்றைப் பற்றி 2023-ல் டொராண்டோவிலிருந்து ‘வெண்பா’ என்ற வீடியோ கேம் வந்தது. அம்மா கொடுத்த சமையல் குறிப்பு நோட்டு கிழிந்துபோயிருக்கும்; இட்லி, புட்டு எப்படிச் செய்வது என்று ஆடுபவரே யோசித்துக் கண்டுபிடிக்க வேண்டும். 2024-ல் பிரிட்டனின் பாஃப்டா, சிறந்த முதல் படைப்புக்கான விருதை அதற்குத் தந்தது. கணினியில் ஓடும், ஒரு மாலைப்பொழுதில் முடிந்துவிடும். முடிந்துவிடுகிற ஆட்டம் என்பதே பெரிய விஷயம். அதைக் கையில் கொடுத்தால் எந்தப் பெண் பிள்ளை கெட்டுப்போவாள்?

கொடுக்க முன்வருகிறவர்களும் பல நேரம் கேட்காமல் கொடுக்கிறார்கள். பிரான்சிலிருந்து விடுமுறைக்கு வரும் சித்தப்பா ஆசையாக பிளேஸ்டேஷன் கார்டு வாங்கி வருகிறார். அங்கே வாங்கிய கார்டு இந்தியக் கணக்கில் ஏறாது. டிஸ்க் வாங்கி வந்தால் ஓடும், ஆனால் பையனிடம் இருப்பது டிஸ்க் போடும் வாயே இல்லாத மாடல். இன்னொருவர் விலை கூடிய புளூடூத் இயர்போன் தருகிறார். சுடும் ஆட்டத்தில் காலடிச் சத்தம் பிந்திக் கேட்பதால் பிள்ளை அதைத் தொடுவதில்லை. அந்தப் போனின் துளைக்குப் பொருந்தும் சாதாரண வயர் ஹெட்செட் போதும், விலையும் குறைவு. பரிசு வீணாவதற்குக் காரணம் கேமல்ல, கேட்காததுதான்.

“படிப்பு கெட்டா யார் பொறுப்பு?” என்று கேட்பார்கள். நேரத்துக்குக் கட்டுப்பாடு வேண்டும். பரீட்சை நேரத்தில் போனை வாங்கி வைக்கத்தான் வேண்டும். அது பெற்றோர் நாள்தோறும் செய்ய வேண்டிய வேலை; ஆண்டுக்கொரு முறை வரும் பரிசின் தலையில் அதைச் சுமத்தாதீர்கள். “கூலி வேலைக்குப் போற வீட்டுல இதுக்கெல்லாம் காசு ஏது?” என்பது இன்னும் நியாயமான கேள்வி. காசில்லாத வீட்டில்தான் டைமண்டுக் கடை அதிகம் வலிக்கும். அங்கே கொடுக்க வேண்டிய பரிசு பக்கத்தில் உட்காரும் அரை மணி நேரம். “எனக்கும் சொல்லிக் குடுடா” என்று பெரியவர் ஒருவர் கேட்டால், ஆட்டத்தோடு அதற்குள் இருக்கும் கடையையும் அந்தப் பிள்ளை காட்டிவிடும்.

ஆகவே பொங்கலுக்கு முன்னால் பிள்ளையைக் கூப்பிட்டு மூன்று கேள்வி கேளுங்கள். என்ன ஆட்டம் ஆடுகிறாய்? எதில் ஆடுகிறாய்? அதற்குள் எதற்கெல்லாம் காசு கேட்கிறது? பதிலைத் திட்டாமல் கேளுங்கள். ஒருமுறை வாங்கினால் தீர்ந்துபோகிற ஒன்றை உங்கள் கையால் வாங்கிக் கொடுங்கள். நீங்கள் மறுக்கும் இடத்தில் கொடுப்பதற்கு அந்தக் கடை இரவு பகலாகத் திறந்திருக்கிறது.