கோடு சொல்லும் கதை

கூட்டலும் கழித்தலும் தட்டுத் தடங்கலின்றிச் செய்து வந்த குழந்தை, அல்ஜீப்ராவின் வாசற்படியில் வந்ததும் திகைத்து நின்றுவிடுவதை நம்மில் அநேகர் கண்டிருப்போம். நேற்று வரையில் கணக்கு என்றால் மாம்பழம், கூலி, வட்டி என்று உலகத்தில் உள்ள வஸ்துக்களைப் பற்றியதாக இருந்தது. இன்று திடீரென்று 'எக்ஸ்' என்றொரு முன்பின் அறியாத ஆசாமி வந்து உட்கார்ந்துகொண்டு, "நான் யார், சொல் பார்க்கலாம்" என்று கேட்கிறான். அரும்பாடுபட்டு அவன் ஐந்து என்று கண்டுபிடித்தால், அடுத்த கணக்கிலேயே ஏழாக வேஷம் மாற்றிக்கொண்டு வந்து நிற்கிறான். இப்படிப்பட்டவனிடம் குழந்தைக்கு நம்பிக்கை பிறக்காமற்போவதில் என்ன ஆச்சரியம்?

இந்தத் திகைப்பை அற்பமென்று நாம் தள்ளிவிடலாகாது. பன்னிரண்டு, பதின்மூன்று வயதில் "எனக்குக் கணக்கு வராது" என்று ஒரு குழந்தை தன்னைப் பற்றித் தீர்ப்பு எழுதிக்கொண்டுவிட்டால், அந்தத் தீர்ப்பை மாற்றுவது பிற்பாடு மிகக் கடினம். விஞ்ஞானம், இயந்திரத் தொழில், பொருளாதாரம் ஆகிய பல கதவுகள் அந்த ஒரு வாக்கியத்தினால் மூடிக்கொள்கின்றன. நல்ல புத்தியுள்ள எத்தனையோ பிள்ளைகளும் பெண்களும் இவ்விதம் வாசலிலேயே நின்றுவிடுவதை உபாத்தியாயர்கள் வருஷந்தோறும் பார்த்துக்கொண்டிருக்கிறோம்.

இதற்குக் கைகண்ட பரிகாரம் ஒன்று உண்டு. அதுதான் கிராப். கிராப் என்றதும் நாவிதர் கடையை நினைத்துக்கொள்ளும் பெரியவர்கள் மன்னிக்க வேண்டும். நான் சொல்வது கட்டம் போட்ட காகிதத்தில் வரையும் வரைபடத்தை. பள்ளிக்கூடத்தில் இதைச் சொல்லிக்கொடுக்காமல் இல்லை. பத்தாம் வகுப்புப் பொதுத் தேர்வில் வரைபடத்துக்கென்று 8 மதிப்பெண் கேள்வி ஒன்று இருக்கிறது. "அச்சைப் போடு, அளவுத்திட்டம் எழுது, புள்ளிகளைக் குறி, இணைத்துவிடு" என்ற வரிசையில் பழகிய குழந்தை அந்த மதிப்பெண்ணைச் சுலபமாக வாங்கிவிடும். ஆனால் வரைந்து முடித்த கோட்டைச் சுட்டிக்காட்டி, "இது என்ன சொல்கிறது, அம்மா?" என்று கேட்டுப் பாருங்கள், பதில் வருவது அபூர்வம். கோடு வரையக் கற்றுக்கொண்ட அளவுக்கு அதைப் படிக்க யாரும் கற்றுக்கொடுக்கவில்லை. அதை வீட்டிலேயே கற்றுக்கொடுக்கலாம் என்பதுதான் இவ்வாரம் நான் சொல்ல வந்த விஷயம்.

முதலில் ஒரு குடத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரே டம்ளரினால் அளந்து அளந்து தண்ணீர் ஊற்றச் சொல்லுங்கள். ஒவ்வொரு டம்ளருக்கும் தண்ணீர் எவ்வளவு உயரம் ஏறியிருக்கிறது என்பதை உள்ளே ஒரு குச்சியை விட்டு அளந்து குறித்துக்கொள்ளட்டும். பிறகு காகிதத்தில் குறுக்காக டம்ளர்களின் எண்ணிக்கையும், நெடுக்காகத் தண்ணீரின் உயரமுமாகப் புள்ளிகளை வைக்கட்டும். அடியில் குடம் குறுகலாக இருப்பதால் கோடு முதலில் விறுவிறுவென்று ஏறும். வயிற்றுப் பகுதிக்கு வந்ததும், எத்தனை டம்ளர் ஊற்றினாலும் தண்ணீர் ஏறமாட்டேன் என்கிறது. கோடு சோம்பலாகச் சாய்கிறது. கழுத்துக்கு வந்தவுடன் மறுபடியும் செங்குத்தாக எழும்புகிறது. இதே காரியத்தை நேரான சுவருள்ள ஒரு சம்புடத்தில் செய்தால் கோடு நேர்கோடாகவே வரும். இதைச் செய்து பார்த்த குழந்தைக்கு இரண்டு விஷயங்கள் தாமாகவே விளங்கிவிடும். கோட்டின் உயரம் ஒரு சேதி. அதன் சாய்வு இன்னொரு சேதி. எவ்வளவு இருக்கிறது என்பதை உயரம் சொல்கிறது. எவ்வளவு வேகமாக மாறுகிறது என்பதைச் சாய்வு சொல்கிறது.

இனி எக்ஸை அழைக்கலாம். 2013-ஆம் ஆண்டில் தமிழ்நாடு அரசாங்கம் சென்னை ஆட்டோக்களுக்கு ஒரு கட்டணம் நிர்ணயித்தது. முதல் 1.8 கிலோமீட்டருக்குக் குறைந்தபட்சக் கட்டணம் 25 ரூபாய். அதற்குமேல் ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் 12 ரூபாய். மீட்டர்ப்படி ஆட்டோ ஓடியதா என்ற விவாதத்தில் நாம் இறங்க வேண்டாம். கணக்குக்கு இது அருமையான கட்டணம். குறுக்காகத் தூரம், நெடுக்காக ரூபாய் என்று வைத்து வரைந்தால், முதல் 1.8 கிலோமீட்டர் வரை கோடு படுத்துக்கிடக்கிறது. பிறகு ஒரே சாய்வில் ஏறிக்கொண்டே போகிறது. ஐந்து கிலோமீட்டருக்கு 63 ரூபாய் 40 காசு. பத்துக் கிலோமீட்டருக்கு 123 ரூபாய் 40 காசு. தூரம் இரட்டித்தும் கட்டணம் சரியாக இரட்டிக்கவில்லை. ஏன்? ஏறும் கோட்டைப் பென்சிலால் பின்னோக்கி நீட்டிப் பாருங்கள். அது மூலையில் உள்ள பூஜ்யத்தில் போய் முடியாமல், அதற்குமேல் 3 ரூபாய் 40 காசில் முட்டுகிறது. ஆகவே, 1.8 கிலோமீட்டருக்கு மேற்பட்ட எந்தப் பிரயாணத்துக்கும் கட்டணம், 12 எக்ஸ் கூட்டல் 3.40.

இங்கே எக்ஸின் குணம் மாறிவிட்டதைக் கவனியுங்கள். ஒளிந்துகொண்டு, "கண்டுபிடி" என்று மிரட்டிய அந்த ஆசாமி இப்பொழுது ஒளியவில்லை. ஆட்டோவோடு அவனும் நகர்ந்துகொண்டே இருக்கிறான். மயிலாப்பூருக்குப் போனாலும் தாம்பரத்துக்குப் போனாலும் அந்தந்தத் தூரம் அவன்தான். அல்ஜீப்ராவின் ஒரு வரி, சாத்தியமான அத்தனை பிரயாணங்களையும் அடக்கிக்கொண்டிருக்கிறது. அத்தனையையும் ஒரே பார்வையில் காட்டுவது கோடு. சமன்பாடும் கோடும் ஒன்றே என்னும் இந்தப் பெரிய உண்மைக்கு வழிகாட்டியவர்களில் தலைசிறந்தவர் பிரெஞ்சு ஞானி டேக்கார்ட். 1637-ஆம் ஆண்டில் வெளியான அவருடைய நூல், வடிவ கணிதத்தையும் அல்ஜீப்ராவையும் ஒரே பந்தியில் உட்காரவைத்தது.

ஒரு கோட்டின் கதை இவ்வாறென்றால், இரண்டு கோடுகள் சந்திக்கும்போது என்ன நேரிடும்? இதற்கு ரயில்வேக்காரர்களைத்தான் கேட்க வேண்டும். ஒற்றைத் தண்டவாளம் மட்டும் உள்ள ஒரு பாதையை எண்ணிக்கொள்ளுங்கள். 60 கிலோமீட்டர் இடைவெளியில் இரண்டு ஊர்கள். முதல் ஊரிலிருந்து காலை 8 மணிக்கு ஒரு பாஸஞ்சர் வண்டி மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் கிளம்புகிறது. எதிர் ஊரிலிருந்து 8.30-க்கு ஓர் எக்ஸ்பிரஸ், மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் புறப்படுகிறது. குறுக்காக மணியும், நெடுக்காக முதல் ஊரிலிருந்து உள்ள தூரமுமாக வரைந்தால், பாஸஞ்சரின் கோடு ஏறுகிறது; எக்ஸ்பிரஸின் கோடு இறங்குகிறது. இரண்டும் 8.54-க்கு, 36-ஆவது கிலோமீட்டரில் வெட்டிக்கொள்கின்றன. பள்ளிக்கூடக் கணக்கில் இதுதான் விடை. அடியில் கோடிட்டுவிட்டு எழுந்து போகலாம். ஆனால் ஒற்றைப் பாதையில் அந்த விடைக்கு விபத்து என்று பெயர்!

ஆகவே ரயில்வே அதிகாரியின் கணக்கு, பள்ளிப் பையனின் கணக்கு முடிந்த இடத்தில்தான் ஆரம்பமாகிறது. இரண்டு கோடுகளும் வெட்டிக்கொள்வதானால் பக்கத்தில் ஒதுங்குவதற்குத் தண்டவாளம் உள்ள ஒரு ஸ்டேஷனில்தான் வெட்டிக்கொள்ள வேண்டும். 30-ஆவது கிலோமீட்டரில் ஒரு ஸ்டேஷனும், 40-ஆவதில் இன்னொன்றும் இருப்பதாக வைத்துக்கொள்வோம். முந்தியதில் சந்திப்பதென்றால் பாஸஞ்சர் 8.45-க்கே வந்து, எக்ஸ்பிரஸுக்காக 9 மணி வரை, அதாவது 15 நிமிஷம் காத்திருக்க வேண்டும். பிந்தியதில் சந்திப்பதென்றால் 8.50-க்கு வந்துசேரும் எக்ஸ்பிரஸ் 10 நிமிஷம் காத்திருக்க வேண்டும். காத்திருக்கும் வண்டியின் கோடு அந்த நேரம் முழுவதும் ஏறாமல் இறங்காமல் படுத்திருக்கும். "கிராஸிங்" என்று சொல்லி நடுக்காட்டு ஸ்டேஷனில் நம்மை உட்காரவைக்கிறார்களே, அந்தக் காத்திருப்புத்தான் காகிதத்தில் சிறிய ஒரு படுக்கைக் கோடாக இருக்கிறது.

இது என் கற்பனை அன்று. பாரிஸ் நகருக்கும் லியோன் நகருக்கும் இடையே ஓடிய ரயில்களையெல்லாம் இவ்வாறு சாய்கோடுகளாகக் காட்டும் படம் ஒன்று, மாரே என்னும் பிரெஞ்சு உடலியல் அறிஞர் 1885-இல் பதிப்பித்த நூலில் காணப்படுகிறது. நம் தேசத்து ரயில்வேக் கட்டுப்பாட்டு அறைகளிலும் நீண்ட காகிதங்களில் பென்சிலால் இத்தகைய கோடுகளை வரைந்தே வண்டிகளை நடத்திவந்தார்கள். இன்று அதே கோடுகள் கணிப்பொறித் திரைக்கு மாறியிருக்கின்றன. நாம் ரயிலில் நிம்மதியாகத் தூங்கும்போது, நம் உயிரைக் காப்பவற்றில் ஒன்பதாம் வகுப்பு வரைபடமும் ஒன்று.

குழந்தைகள் இந்த இடத்தில் செய்யும் ஒரு தவறை முன்கூட்டியே சொல்லிவைக்கிறேன். கோடு ஏறுகிறதென்றால் ரயில் மலைமேல் ஏறுகிறது என்று நினைத்துக்கொள்வார்கள். வரைபடத்தைச் சித்திரமாகப் பார்ப்பதனால் வரும் மயக்கம் இது. அதட்ட வேண்டாம். "கோடு படுத்திருந்தால் ரயில் என்ன செய்கிறது?" என்று கேளுங்கள். நிற்கிறது என்று சொன்னால் பாதி வெற்றி. "கோடு தூண் மாதிரி நேர்செங்குத்தாக இருந்தால்?" என்று பிறகு கேளுங்கள். ஒரே க்ஷணத்தில் பல ஊர்களில் இருக்கும் ரயில் உலகத்தில் கிடையாது என்று குழந்தை சிரித்துக்கொண்டே சொல்லுமானால், முழு வெற்றி.

இவ்வளவும் குழந்தைகளுக்கு மட்டுந்தானா என்றால், இல்லை. 1786-ஆம் ஆண்டில் வில்லியம் பிளேஃபேர் என்ற ஸ்காட்லாந்துக்காரர் இங்கிலாந்தின் ஏற்றுமதி இறக்குமதிகளைக் கோடுகளாக வரைந்து நூலாக வெளியிட்டார். அன்று புதுமையாக இருந்த அந்த வழக்கம் இன்று பத்திரிகைதோறும் காணப்படுகிறது. விலைவாசி, மழை, நோய், வேலையின்மை எல்லாமே கோடுகளாகவும் பத்திகளாகவும் நம் முன் வருகின்றன. அவற்றில் சூழ்ச்சிக்கும் இடமுண்டு. ஒரு பண்டத்தின் உற்பத்தி 96-லிருந்து 99-ஆக உயர்ந்ததென்று வையுங்கள். நூற்றுக்கு மூன்று சொச்சம் வளர்ச்சி. இதையே படத்தின் அடித்தளத்தைப் பூஜ்யத்தில் வைக்காமல் 95-இல் வைத்து வரைந்தால், முதல் பத்தி ஓர் அங்குலமும் இரண்டாவது நாலு அங்குலமுமாக நிற்கும். எண்ணில் பொய் இல்லை. கண்ணில் பொய் புகுந்துவிட்டது. 1951-52-இல் நடந்த முதல் பொதுத் தேர்தல் தொட்டு, வயது வந்த ஒவ்வொருவர் கையிலும் வோட்டுச் சீட்டு இருக்கும் தேசம் இது. எழுத்தைப் படிக்கத் தெரியாதவனை ஏமாற்றிக் கைநாட்டு வாங்கிய காலத்தை நாம் கண்டிக்கிறோம். கோட்டைப் படிக்கத் தெரியாத பட்டதாரியை ஏமாற்றுவதும் அதே ஜாதிக் காரியந்தான். சுதந்திர தேசத்தின் பிரஜைக்கு இந்த இரண்டாம் எழுத்தறிவும் வேண்டும்.

ஆகையால் தாய்மார்களுக்கும் தகப்பனார்களுக்கும் என் வேண்டுகோள் இதுதான். ட்யூஷனுக்கு ஏற்பாடு செய்வதற்கு முன்னால், ஒரு கிராப் நோட்டுப் புத்தகம் வாங்கிக் கொடுங்கள். குடத்துத் தண்ணீரோ, ஆறிக்கொண்டிருக்கும் காப்பியின் சூடோ, அவரைக்கொடி தினந்தோறும் வளரும் நீளமோ, ஏதாவது ஒன்றை ஒரு வாரம் குறித்து வரையச் சொல்லுங்கள். வரைந்ததும், விடை சரியா என்று கேட்காதீர்கள். "இந்தக் கோட்டின் கதையைச் சொல்லு" என்று கேளுங்கள். எங்கே வேகம், எங்கே சோம்பல், எங்கே நின்றது, இப்படியே போனால் நாளைக்கு எங்கே இருக்கும் என்று அது சொல்லத் தொடங்கட்டும். இதைச் சொல்லிக்கொடுக்கப் பெற்றோருக்கு அல்ஜீப்ரா மறந்துபோயிருந்தாலும் பாதகமில்லை. கேட்பதற்குப் பொறுமை இருந்தால் போதும். கதை சொல்லப் பழகிய குழந்தை, அந்தக் கதையைச் சுருக்கி எழுதும் பாஷைதான் அல்ஜீப்ரா என்பதைத் தானே கண்டுகொள்ளும். பிறகு எக்ஸ் எந்த வேஷத்தில் வந்தாலும் அதற்குப் பயம் இராது.