காசநோய்க் கிருமிக்கு ஜி.எச்.சும் தெரியாது, தனியாரும் தெரியாது

காசநோய் என்றதும் நம்மில் பலருக்குப் பழைய கறுப்பு வெள்ளைப் படத்தில் கதாநாயகன் இருமி இரத்தம் கக்கும் காட்சிதான் ஞாபகம் வரும். அது ஒழிந்துபோன நோய் இல்லை நண்பர்களே. உலகிலேயே அதிகக் காசநோயாளிகள் இருப்பது இந்தியாவில். மருந்துக்குக் கட்டுப்படாத காசநோயிலும் நமக்குத்தான் முதலிடம்.

அதென்ன மருந்துக்குக் கட்டுப்படாத காசநோய்? ஐசோனியாசிட், ரிஃபாம்பிசின் இரண்டும்தான் காசநோய்க்கு முக்கிய மருந்துகள். இரண்டுக்குமே கிருமி மசியவில்லை என்றால் எம்.டி.ஆர். என்பார்கள். தப்பான மருந்து, குறைந்த அளவு, பாதியில் நிறுத்துவது... கிருமிக்கு நாமே டியூஷன் எடுத்த மாதிரிதான். அப்படித் தேறிய கிருமி அடுத்தவருக்கும் தொற்றும், அவர் ஒரு மாத்திரையைக்கூடத் தவறவிடாதவராக இருந்தாலும்.

டியூஷன் எடுத்தது யார்? மும்பை தாராவியில் 100 தனியார் மருத்துவர்களைக் கேட்டுப் பார்த்த ஆய்வு 1991-இல் வந்தது. ஒரே நோய்க்கு 80 விதமான மருந்துச் சீட்டுகள்! பழைய கதை என்கிறீர்களா? அதே தாராவி, 2010-இல் வெளியான ஆய்வு. 106 மருத்துவர்கள், 63 விதமான சீட்டுகள். சரியாக எழுதியவர்கள் 6 பேர். எம்.டி.ஆருக்குச் சரியாக எழுதியவர்கள் வெறும் 3 பேர்.

உடனே "தனியாரே மோசம், எல்லோரும் ஜி.எச். போங்கள்" என்று தீர்ப்பு எழுதிவிடலாமா? அரசின் லட்சணத்தையும் பார்ப்போம். தினமும் மருந்து கொடுப்பதே நல்லது என்று உலக சுகாதார நிறுவனம் 2010-லேயே சொல்லிவிட்டது. நம் அரசுத் திட்டமோ 2017 வரை வாரத்துக்கு மூன்று நாள்தான் கொடுத்துக்கொண்டிருந்தது. 2024-இல் பல மாநிலங்களில் அரசு மையங்களிலேயே மருந்துத் தட்டுப்பாடு.

தனியாரை வழிக்குக் கொண்டுவர அரசு செய்தது என்ன? நோயாளிகளின் விவரத்தைத் தெரிவிக்க வேண்டும் என்று 2012-இல் உத்தரவு. தெரிவிக்காவிட்டால் சிறை என்று 2018-இல் மிரட்டல். பெயரைப் பதிவேட்டில் ஏற்றினால் கிருமி செத்துவிடுமா?

உருப்படியான வழி வேறொன்று இருக்கிறது. 2014-இல் மும்பையிலும் பாட்னாவிலும் செய்து பார்த்தார்கள். நோயாளி தன் தனியார் டாக்டரிடமே இருப்பார், பரிசோதனைக்கும் மருந்துக்கும் வவுச்சர் கொடுக்கப்படும். தனியாரிடமிருந்து வந்த பதிவுகள் பெருமளவு கூடின. மிரட்டலைவிட இலவச மருந்துக்குச் சக்தி அதிகம் என்பதற்கு வேறு சாட்சி வேண்டுமா?

என்னைக் கேட்டால் மூன்று விஷயம் நடக்க வேண்டும். ஒன்று, தனியார் கிளினிக்குக்குப் போனாலும் முதல் மாத்திரைக்கு முன்பே இலவச மூலக்கூறுப் பரிசோதனை. ரிஃபாம்பிசின் கேட்குமா கேட்காதா என்பது சுமார் இரண்டு மணி நேரத்தில் தெரிந்துவிடும். இரண்டு, பெடாகுவிலின் உள்ள ஆறு மாத சிகிச்சைக்கு 2024-இல் மத்திய சுகாதார அமைச்சகம் ஒப்புதல் கொடுத்தது. முன்பு 20 மாதம் வரை இழுத்த வைத்தியம் அது! டாக்டரை மாற்றச் சொல்லாமல் தனியார் நோயாளிக்கும் அது கிடைக்க வேண்டும். மூன்று, தனியார் டாக்டருக்கு நோயாளியைப் பதிவு செய்ய 500 ரூபாய், சிகிச்சை முடிவைத் தெரிவிக்க 500 ரூபாய் என்று அரசு வைத்தது. என் கணக்கில் முதலாவதைக் குறைத்து, நோயாளியைக் கடைசிவரை கொண்டுபோய்ச் சேர்ப்பவருக்குப் பல மடங்கு கொடுக்க வேண்டும்.

"நம் வரிப்பணத்தைத் தனியாருக்கு ஏன் கொட்ட வேண்டும்?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்விதான். கணக்கு கேளுங்கள், தப்பான சீட்டு எழுதுபவரைத் திட்டத்திலிருந்து தூக்குங்கள். ஆனால் பணம் போவது நோயாளியின் மருந்துக்கு. அந்த மருந்து அவருக்குப் பாதியில் நின்றுபோனால், நாளை பஸ்ஸில் அவர் பக்கத்து சீட்டில் உட்காரப் போவது நானாகவோ நீங்களாகவோ இருக்கலாம்.