முந்திரிப் பருப்பு சைஸில் ஒரு எலும்பு

வலது கையைக் கொஞ்சம் நீட்டுங்கள். கைரேகை பார்க்கப் போவதில்லை. கல்யாணம் எப்போது என்றும் சொல்லப் போவதில்லை. ரோட்டில் லிஃப்ட் கேட்பவர் மாதிரி கட்டை விரலை மட்டும் விறைப்பாகத் தூக்குங்கள். விரலின் அடியில், மணிக்கட்டு ஓரமாக, இரண்டு நரம்பு மாதிரி புடைத்துக்கொண்டு நடுவே ஒரு குழி விழுகிறதா? அந்தக் குழிக்கு டாக்டர்கள் வைத்திருக்கும் பெயர் 'பொடி டப்பா'. நிஜமாகத்தான்! அந்தக் காலத்து ஐரோப்பிய கனவான்கள் மூக்குப்பொடியை அதில் கொட்டித்தான் உறிஞ்சுவார்களாம். (நம்ம ஊர்த் தாத்தாக்களுக்கு இரண்டு விரல் நுனியே போதும்.)

அந்தக் குழிக்கு அடியில் ஒரு குட்டி எலும்பு படுத்திருக்கிறது. பெயர் ஸ்கேஃபாய்டு. கிரேக்க மொழியில் படகு என்று அர்த்தம். பார்த்தால் படகைவிட முந்திரிப் பருப்பு ஜாடைதான் அதிகம்.

உடம்பில் மொத்தம் 206 எலும்பு. ஒரு கையில் மட்டும் 27. அதில் மணிக்கட்டில் இருப்பவை 8. அந்த எட்டில் அடிக்கடி உடைகிற ஆசாமி இந்த முந்திரிப் பருப்புதான். அதிகமாக உடைத்துக்கொள்பவர்கள் யார்? சாட்சாத் நீங்கள்தான், இளைஞர்கள்! மழை ஈரத்தில் பைக் வழுக்கினாலும் சரி, ஞாயிற்றுக்கிழமை கிரிக்கெட்டில் டைவ் அடித்தாலும் சரி, விழுகிறவன் முதலில் செய்வது கையை ஊன்றுவது. உடம்பின் மொத்த வெயிட்டும் அந்தப் பருப்பின் மேல்!

இதில் வில்லத்தனம் என்னவென்றால், உடைந்த மாதிரியே தெரியாது. கை வளையாது, பெரிதாக வீங்காது. லேசாக ஒரு வலி, அவ்வளவுதான். மறுநாள் ஆபீஸில் வழக்கமான டயலாக்.

"என்ன சார், கையில கட்டு?"

"ஒண்ணுமில்லப்பா, சின்ன சுளுக்கு. தைலம் தேய்ச்சிருக்கேன்."

"எக்ஸ்ரே எடுத்தீங்களா?"

"எடுத்தாச்சு, எடுத்தாச்சு. க்ளீன்!"

அங்கேதான் சிக்கல். இந்த எலும்பில் விழும் மெல்லிய விரிசல் முதல் நாள் எக்ஸ்ரேயில் சில சமயம் தெரியாது. அதனால் விஷயம் தெரிந்த டாக்டர், படத்தைப் பார்த்ததோடு விடமாட்டார். பொடி டப்பாவில் விரலை வைத்து ஓர் அழுத்து அழுத்துவார். 'ஆ' என்றால், படம் என்ன சொன்னாலும் கையை அசையாமல் கட்டி அனுப்பிவிட்டு, 10 - 14 நாள் கழித்து மறுபடி எக்ஸ்ரே எடுப்பார். அவசரமாகத் தெரிய வேண்டுமென்றால் எம்.ஆர்.ஐ. ஸ்கேன்.

இத்தனூண்டு எலும்புக்கு ஏன் இவ்வளவு அமர்க்களம்? ரத்தம்தான் காரணம். இந்த எலும்புக்குள் பெரும்பாலான ரத்தம் விரல் பக்க முனையில் நுழைந்து, பின்னோக்கி முழங்கைப் பக்கம் பாய்கிறது. கடைமடை வயல் மாதிரி. நடுவில் வாய்க்கால் உடைந்தால் கடைசி வயலுக்குத் தண்ணீர் கிடையாது. எலும்பு நடுவில் உடைந்தால் பின்பக்கத் துண்டு பட்டினி. பட்டினி கிடக்கும் துண்டு ஒட்டாமலே போகலாம், செத்தும் போகலாம். கவனிக்காமல் விட்டால் சில வருஷங்களில் மணிக்கட்டு தேய்ந்து மூட்டுவலி வந்து சேரும். அப்புறம் தண்ணீர்க் குடம் தூக்குவதும் பைக்கில் ஆக்ஸிலரேட்டர் முறுக்குவதும் தினசரி வேதனை.

சரி, உடைந்தால் உடனே ஆபரேஷனா? எல்லோருக்கும் இல்லை. 2020ல் இங்கிலாந்து டாக்டர்கள் ஒரு பெரிய ஆய்வை வெளியிட்டார்கள். நடு இடுப்பில் உடைந்து, துண்டுகள் 2 மில்லி மீட்டருக்கு மேல் விலகாத 439 பேர். பாதிப் பேருக்கு ஆபரேஷன், மீதிப் பேருக்கு மாவுக்கட்டு. ஒரு வருஷம் கழித்துப் பார்த்தால், வலியிலும் கையின் உபயோகத்திலும் இரண்டு கோஷ்டிக்கும் சொல்லிக்கொள்கிற மாதிரி வித்தியாசமில்லை! ஆகவே முதலில் கட்டு. சேரவில்லை என்று தெரிந்தால் தாமதிக்காமல் ஆபரேஷன் என்று சொல்லிவிட்டார்கள். துண்டுகள் நன்றாக விலகிவிட்டாலோ, பின்பக்க முனையில் உடைந்தாலோ கதை வேறு. அப்போது நேரே ஸ்க்ரூதான்.

அந்த ஸ்க்ரூ ஒரு ரசமான சமாசாரம். ஆஸ்திரேலியாவில் டிமதி ஹெர்பர்ட் என்ற டாக்டர், ஃபிஷர் என்ற சகாவுடன் சேர்ந்து 1984ல் அதைப் பற்றி எழுதினார். அதற்குத் தலையே கிடையாது! இரண்டு பக்கமும் மரை. முன்பக்க மரை அகலம், பின்பக்க மரை நெருக்கம். முறுக்க முறுக்க எதிர்த் துண்டு கொஞ்சம் கொஞ்சமாக இந்தப் பக்கம் இழுபட்டு இரண்டும் கப்பென்று இறுகும். தலை இல்லாததால் மொத்தமும் எலும்புக்குள் புதைந்துவிடும். பெரும்பாலும் அதைத் திரும்ப எடுக்க வேண்டியதும் இல்லை. இப்போது வரும் ஸ்க்ரூக்கள் பல நடுவில் துளையுள்ளவை. எக்ஸ்ரே டி.வி.யில் பார்த்துக்கொண்டே மெல்லிய கம்பியை எலும்பில் செலுத்தி, நூலில் மணி கோப்பது போல ஸ்க்ரூவை அதன் வழியே இறக்குவார்கள். பழைய, சேராத முறிவாக இருந்தால் இடுப்பு எலும்பிலிருந்து கொஞ்சம் எடுத்து இடைவெளியில் வைப்பதும் உண்டு.

மயக்க மருந்துக்குப் பயப்படாதீர்கள். பல இடங்களில் கையை மட்டும் மரத்துப் போகச் செய்கிறார்கள். கை யாருடையதோ மாதிரி கிடக்கும், நீங்கள் முழித்துக்கொண்டிருப்பீர்கள். உள்ளே டாக்டர்கள் மத்தியான சாப்பாட்டைப் பற்றிப் பேசினால் கேட்கவும் செய்யலாம்.

ஆபரேஷனோடு டாக்டரின் வேலையில் பாதி முடிந்தது. மீதிப் பாதி உங்களுடையது. முதல் சில நாள் கையைத் தொங்கப் போடாமல் நெஞ்சுக்கு மேலே தூக்கி வைக்க வேண்டும். வீக்கம் குறையும். கட்டுக்கு வெளியே இருக்கும் விரல்களை முதல் நாளிலிருந்தே மடக்கி நீட்ட வேண்டும். 'வலிக்குமே' என்று சும்மா வைத்திருந்தால், எலும்பு சேர்ந்த பிறகு விரல் மடங்காது. முழங்கை, தோளுக்கும் அதே உத்தரவு. அப்புறம் முக்கியமான ஒன்று. சிகரெட். எலும்பு சேர்வதை அது கெடுக்கிறது. டீக்கடை நண்பர்களுக்கு மூன்று மாதம் டாட்டா சொல்லிவிடுங்கள். பிடித்துப் போனால் அப்படியே நிரந்தரமாக!

கீ-போர்டு தட்டுவதற்கு சீக்கிரமே அனுமதி கிடைக்கலாம் (மெடிக்கல் லீவைப் பற்றிக் கனவு கண்டவர்கள் மன்னிக்கவும்). பைக், தண்டால், கிரிக்கெட் எல்லாம் எலும்பு சேர்ந்துவிட்டது என்று உறுதியான பிறகுதான். சாதாரணமாக எட்டிலிருந்து பன்னிரண்டு வாரம். பின்பக்க முனை என்றால் இன்னும் மேலே. வலி போய்விட்டதே என்று நாமே தீர்ப்பு எழுதக் கூடாது. வலி முதலில் போகும், எலும்பு பிறகுதான் சேரும்.

நடுரோட்டில் விழுந்தவன் நாலு பேர் முன்னால் "ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்ல" என்று பேன்ட்டைத் தட்டிக்கொண்டு எழுந்திருப்பது உலக வழக்கம். தாராளமாகச் செய்யுங்கள். ரூமுக்கு வந்ததும் அந்தக் குழியில் ஒரு தரம் அழுத்திப் பாருங்கள். வலித்தால், கௌரவத்தைக் கொஞ்சம் ஒத்திவைத்துவிட்டு எலும்பு டாக்டரிடம் காட்டிவிடுங்கள். "ஒண்ணுமில்ல" என்று சொல்ல வேண்டியவர் அவர்.