இருளில் எண்ணப்படும் மீன்கள்



வட அமெரிக்காவின் ஈரி ஏரியில், இலையுதிர்காலத்து இரவுகளில் வால்ஐ என்னும் மீன் சிறுமீன்களைத் துரத்திக்கொண்டு கரையோரம் வருகிறது. அதன் கண்ணுக்குள் ஒளியைத் திருப்பியனுப்பும் படலம் ஒன்று உண்டு. மங்கிய வெளிச்சத்திலும் இரையைக் கண்டுகொள்ளும். ஆகவே படகில்லாதவர்களும் அக்டோபர், நவம்பர் குளிரில் அலைதடுப்புப் பாறைகளின்மேல் நின்று தூண்டில் வீசுகிறார்கள்.

ஒஹாயோ மாநிலச் சட்டப்படி ஒருவர் நாளொன்றுக்கு 6 மீன்களையே எடுத்துக்கொள்ளலாம். 15 அங்குலத்திற்குக் குறைந்தவற்றை நீரிலேயே விட்டுவிட வேண்டும். நள்ளிரவில் யார் வந்து அளக்கப்போகிறார்கள்? ஆயினும், ஏழாவது மீனைக் கர்த்தர் தந்த ஆசீர்வாதம் என்று சொல்லி வாளியில் போடுவதை என்னால் ஏற்க இயலாது. வரம்பை மீறி எடுத்ததற்குத் தேவனுடைய நாமத்தைப் போர்வையாக்குவது, எடுத்த செயலைவிடக் கொடியது. விரல்கள் விறைக்க மணிக்கணக்காக நின்றவருக்கு அச்சோதனை சிறியதல்ல என்பதையும் அறிவேன்.

யோவான் 21ஆம் அதிகாரத்தை வாசித்துப் பாருங்கள். இரவெல்லாம் ஒன்றும் அகப்படாத சீஷர்களின் வலை விடியற்காலையில் நிறைந்தது. உயிர்த்தெழுந்த ஆண்டவரே கரையில் நின்றிருந்தபோதும், அந்த மீன்கள் எத்தனை என்பது விடாமல் எழுதப்பட்டிருக்கிறது: 153.

நீங்கள் அக்கரையில் நிற்பவரானால், சிறிய மீனை விடுவிக்குமுன் கைகளை நனைத்துக்கொள்ளுங்கள். உலர்ந்த கை அதன் மேலுள்ள வழவழப்பை உரித்துவிடும்.